ஐந்தே வாக்கியம் பேசிய கணக்கு

1. ‘நல்லது, சந்தோஷம்’

நான் மாடரேட்டராக இருந்த காலத்தில் எத்தனையோ வசவுகளை நீக்கியிருக்கிறேன். ஒருவர் அம்மாவை இழுப்பார், இன்னொருவர் சாதியை இழுப்பார், ஒரு அக்கா பக்கத்து வீட்டு மீன்கறியை இழுத்து ஒரு வாரம் சண்டை போட்டார். ஆனால் ஒரே பிற்பகலில் ஆக அதிகமான ரிப்போர்ட் வாங்கிய கமெண்ட் எது தெரியுமா? ‘நல்லது, சந்தோஷம்.’

அது விழுந்த இடம் அப்படி. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் பரிமளா என்ற உறுப்பினர், தன் கணவர் காலமாகிவிட்ட செய்தியை பினாங்குத் தமிழர்களுக்கான எங்கள் இணையதளத்தின் ‘வீட்டுச் செய்தி’ பகுதியில் போட்டிருந்தார். கீழே வரிசையாக ‘ஆழ்ந்த இரங்கல்’, கைகூப்பிய படம், மறுபடி ‘ஆழ்ந்த இரங்கல்’. நடுவில் வேலு என்ற கணக்கு மட்டும் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எல்லாருக்கும் கீழே அதே கணக்கு ‘நல்லது, சந்தோஷம்’ என்று எழுதியது.

அவ்வளவுதான், ஊரே கொதித்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்சப் குழுக்களில் சுற்றவிட்டார்கள். ‘செத்த வீட்டுல வந்து சந்தோஷம்னு சொல்லுது, என்னா மெஷின்லா இது?’ என்று ஒருவர். ‘மாடரேட்டர் தூங்குறாங்க போல’ என்று இன்னொருவர். நான் தூங்கவில்லை ஐயா. வாங்கி வந்த ரொட்டி சானாயைப் பிரிக்கக்கூட நேரமில்லாமல் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாஸ் தன் அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

“ராணிக்கா, இந்த வேலு அக்கவுண்ட் பாட் தானே? இன்னும் ஏன் உயிரோட இருக்கு? பேன் பண்ணுங்க, தளத்த விட்டே தூக்குங்க.”

பாட் என்றால் என்ன, எங்களுக்கு ஏன் அதன் மேல் அவ்வளவு கோபம் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

2. ரிஜெக்ட் வேலை

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் புக்கிட் தெங்காவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் கியூசி. லைனில் வரும் போர்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, சரியில்லாததை ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். ஃபேக்டரி வேறு இடத்துக்குப் போனதும் நான் வீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பழக்கமில்லாததால் வீட்டில் எல்லாரிடமும் சண்டை. அப்போதுதான் இந்த வேலை வந்தது.

லிட்டில் இந்தியாவில், ஒரு புடவைக்கடைக்கு மேலே ஆபீஸ். கீழே போடும் பாட்டு எங்கள் மேசையையும் ஆட்டும். பாஸ் பெயர் சொக்கலிங்கம், செட்டியார் வீட்டுப் பிள்ளை. வட்டிக்கணக்கு பார்க்கச் சொன்ன குடும்பத்திடம் கோபித்துக்கொண்டு, பினாங்குத் தமிழர்கள் பேசிக்கொள்ள ஒரு தளம் தொடங்கியவர். என் தம்பி வயதுதான். ஆனாலும் நான் பாஸ் என்றே கூப்பிடுவேன், அவர் அக்கா என்பார்.

“நீங்க ஃபேக்டரில செஞ்ச அதே வேலைதான்க்கா. அங்க போர்டு, இங்க ஆளு,” என்றார் முதல் நாள்.

பாட் என்பது ஆள் இல்லாத கணக்கு. பின்னால் ஒரு புரோகிராம் ஓடும். அது ஆளைப்போலப் பேசும். அதைக் கண்டுபிடிக்க அப்போது எங்களுக்கு இருந்த அடையாளங்கள் இவை: புரொஃபைலில் முகம் இருக்காது, ஒரே வாக்கியத்தைப் பல இடத்தில் போடும், எழுத்துப் பிழையே வராது. நான் என் பங்குக்கு ஒன்று சேர்த்தேன். நம் ஆட்கள் ஒரு குழுவில் சேர்ந்தால் ஒரு மாதத்துக்குள் யாரோடாவது முறைத்துக்கொள்வார்கள். யாரோடும் முறைக்காத கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். பாஸ் சிரித்தார், ஆனால் அதையும் குறித்துக்கொண்டார்.

முதலில் வந்தவை எல்லாம் முட்டாள் பாட்கள். வந்ததும் லோன் விளம்பரம் போட்டு மாட்டிக்கொள்ளும். பிறகு வந்தவை பொறுமைசாலிகள். வாரக்கணக்கில் காலை வணக்கம் சொல்லும், பூப்படம் போடும், உடம்பு எப்படி என்று விசாரிக்கும். நன்றாகப் பழகிய பிறகு, தங்கத்தில் பணம் போடலாம் என்று ஒரு லிங்க் அனுப்பும். ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா அப்படித்தான் தன் சேமிப்பைத் தொலைத்தார். எனக்குப் போன் செய்து அழுதார்.

“தினமும் காலைல அதுதான் ராணி எனக்கு மொதல்ல வணக்கம் சொல்லும். எம்புள்ளைங்ககூடச் சொல்றதில்ல. நான் மனுசன்னுதான் நெனச்சேன்.”

பணம் போனதைவிட அந்தக் கடைசி வார்த்தைதான் அவருக்கு வலித்தது. அதற்குப் பிறகு பாஸ் ஒரு விதி போட்டார். சந்தேகப்பட்ட கணக்குக்கு மூன்று கேள்வி தனிச்செய்தியில் அனுப்ப வேண்டும். இந்த ஊரில் இருக்கும் மனிதனுக்குத்தான் பதில் தெரியும் என்கிற மாதிரிக் கேள்விகள். பதில் சரியில்லை என்றால் பேன். கேள்விகளை எழுதியவள் நான்தான்.

3. மூன்று கேள்வி

வேலு என்ற கணக்கு ஏற்கெனவே என் கண்ணில் பட்டிருந்தது. முகம் இல்லை, ஒரு செம்பருத்திப் பூ மட்டும். அது எங்கே போனாலும் ஐந்து வாக்கியங்களில் ஒன்றைத்தான் சொல்லும். காலை வணக்கம். சாப்பிட்டாச்சா? மழை வரும் போல இருக்கு. நல்லது, சந்தோஷம். பாத்துப் போங்க. ஒரு எழுத்துகூட மாறாது. கல்யாணப் படத்துக்கும் நல்லது, சந்தோஷம். கார் விற்கிறவருக்கும் நல்லது, சந்தோஷம். யாரோடும் சண்டை கிடையாது. நான் சொன்ன எல்லா அடையாளமும் பொருந்தியது. லிங்க் மட்டும் இன்னும் அனுப்பவில்லை.

“லிங்க் வர்ற வரைக்கும் காத்திருக்கப் போறீங்களா?” என்றார் பாஸ். “டீச்சரம்மாவை மறந்துட்டீங்களா?”

“மறக்கல பாஸ். ஆனா மூணு கேள்வி கேட்காம பேன் பண்ணக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

அவர் போட்ட விதியை அவரிடமே காட்டியதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. கேள்விகளை அனுப்பினேன். அவரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

முதல் கேள்வி: ஃபெர்ரியில் இறங்கி லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாமா, பஸ் பிடிக்க வேண்டுமா? பதில் வந்தது: ‘பாத்துப் போங்க.’

இரண்டாவது: ரொட்டி சானாய்க்கு நீங்கள் கறி ஊற்றிக்கொள்வீர்களா, சீனி தொட்டுக்கொள்வீர்களா? பதில்: ‘சாப்பிட்டாச்சா?’

பாஸ் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

மூன்றாவது: உங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை எந்தக் கிழமை போடுவார்கள்?

இந்த முறை உடனே பதில் வரவில்லை. திரையில் ‘எழுதுகிறார்’ என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பாஸ் பொறுமையிழந்து போன் பேசப் போய்விட்டார். நான் ஆறிப்போன ரொட்டியைத் தின்றுகொண்டு பார்த்தேன். கடைசியில் ‘செ’ என்று ஒற்றை எழுத்து வந்தது. அதற்குப் பின் எதுவும் இல்லை. கொஞ்சம் பொறுத்து, ‘மழை வரும் போல இருக்கு.’

விதிப்படி மூன்றும் ஃபெயில். நான் பேன் பட்டனை அழுத்தவில்லை. காரணம் என் பழைய தொழில்தான். மெஷின் கோளாறு செய்தால் ஒரே மாதிரிதான் செய்யும். நூறு போர்டிலும் அதே இடத்தில் அதே தப்பு இருக்கும். அந்த ‘செ’ அப்படிப்பட்டதில்லை. யாரோ எதையோ தூக்கப் பார்த்து, முடியாமல் கீழே வைத்த மாதிரி இருந்தது.

4. பரிமளா சொன்னது

எப்படியும் பரிமளாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். துக்க வீட்டுக்குப் போன் செய்யத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் செய்தேன்.

“அம்மா, தளத்துலேருந்து ராணி பேசறேன். உங்க பதிவுல ஒரு கணக்கு தப்பா எழுதிடுச்சு. ரெண்டு கமெண்டையும் எடுத்துடறோம்மா. மன்னிச்சிக்குங்க.”

“எந்தக் கமெண்டு?”

“அந்த வேலுன்னு ஒண்ணு...”

“அத எடுக்காதீங்கக்கா,” என்றார் பரிமளா. “அத்தன பேரும் ஆழ்ந்த இரங்கல்னு போட்டாங்க. நல்லவங்கதான், இல்லேங்கல. அவரு ஒருத்தருதான் நான் சாப்பிட்டேனான்னு கேட்டாரு.”

அவரே தொடர்ந்தார்.

“காலைலேருந்து வந்தவங்களுக்கு கோப்பி கலக்கிக் குடுத்துட்டே இருந்தேன். எல்லாரும் அவரு எப்படிப் போனாரு, எப்படிப் போனாருன்னுதான் கேட்டாங்க. அதப் படிச்சப்புறந்தான் எனக்கே தெரிஞ்சிச்சு, ஒண்ணும் சாப்பிடலன்னு. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா புபோர் கொண்டாந்து வச்சிருந்தாங்க. அந்தக் கஞ்சிய எடுத்து ரெண்டு வாய் குடிச்சேன். குடிச்சிட்டு அவருக்கு எழுதினேன், இப்பத்தான் சாப்பிட்டேன்னு. அதுக்குத்தான் அவரு நல்லது, சந்தோஷம்னு சொன்னாரு.”

நான் உடனே அந்தப் பதிவைத் திறந்தேன். எங்கள் தளத்தில் ஒரு கமெண்டுக்குக் கொடுக்கும் பதில், அதன் கீழே மடிந்து கிடக்கும். விரல் வைத்தால்தான் விரியும். ‘சாப்பிட்டாச்சா?’ என்பதை விரித்தேன். உள்ளே பரிமளா எழுதியிருந்தார்: ‘இப்பத்தான் சாப்பிட்டேங்க.’ வேலு தன் பதிலை அங்கே போடாமல், வெளியே, எல்லாருக்கும் கீழே போட்டிருந்தார். ஊர் முழுக்க அந்த இரண்டு சொல்லைத் தனியாகப் படித்துவிட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. அதை விரித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாஸிடம் காட்டினேன். அவரும் விரித்துப் படித்தார்.

“அக்கா, எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அஞ்சே வாக்கியம். எங்கயாவது ஒரு எடத்துல பொருந்தத்தான் செய்யும். டீச்சரம்மாவுக்கும் அது ஆறுதலாத்தானே பேசிச்சு? நாளைக்கு இந்த பரிமளாவுக்கே லிங்க் அனுப்பினா? புருசன் போன வீடு அது.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் பேன் ஆகாமல் காத்து வைத்திருக்கும் கணக்கு நாளை பரிமளாவை ஏமாற்றினால், அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். பேன் செய்துவிட்டால், அது ஒருவேளை மனிதனாக இருந்தால், அந்த மனிதனை நாங்களே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதாகும்.

“ரெஜிஸ்டர் பண்ண நம்பர் உங்ககிட்ட இருக்கும்ல பாஸ். ஒரே ஒரு தடவ போன் போட்டுப் பாப்போம். எடுக்கலைன்னா நானே பேன் பண்றேன்.”

5. தட்டு

ஸ்பீக்கரில் போட்டோம். பாஸ் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார், புடவைக்கடைப் பாட்டு உள்ளே வராமலிருக்க.

போன் எடுக்கப்பட்டது. யாரும் பேசவில்லை. பின்னால் டிவி ஓடும் சத்தம். யாரோ மூச்சு விடுவது கேட்டது.

“ஹலோ, வேலுங்களா? நான் ராணி, தளத்துலேருந்து.”

ஒரு முனகல் வந்தது. வார்த்தையாகவில்லை. மறுபடி ஒரு முனகல், முன்னதைவிடச் சிரமத்தோடு. பிறகு டொக் என்று ஒரு சத்தம். மேசையை விரலால் தட்டுவது போல.

என் அத்தை மகன் ஒருவர் ஸ்ட்ரோக் வந்து கிடந்தபோது கூட இருந்திருக்கிறேன். அந்த முனகல் எனக்குப் புரிந்துவிட்டது. போனுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டேன்.

“ஐயா, நீங்க பேச வேணாம். நான் கேக்கறேன். ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு. நீங்கதான் வேலுங்களா?”

டொக்.

“உங்களுக்கு நான் மூணு கேள்வி அனுப்பினேன். பாத்தீங்களா?”

டொக்.

“மூணாவதுக்கு எழுத ஆரம்பிச்சீங்க. நான் கிழமை சொல்றேன். உங்க தாமான்ல பசார் மாலாம் ஞாயித்துக்கிழமையா?”

டொக் டொக்.

“திங்களா?”

டொக் டொக்.

“செவ்வாயா?”

ஒரே ஒரு டொக். மேசை உடைந்துவிடும் போல அவ்வளவு பலமாக.

பாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

அதற்குள் அந்தப் பக்கம் ஒரு பெண் ஓடிவந்து போனை வாங்கினார். வேலுவின் மனைவி, பெயர் சரோஜா. யாரோ ஏமாற்றுக்காரர்கள் என்று முதலில் எங்களை நன்றாக ஏசினார். நான் மெதுவாக விளக்கிய பிறகு அமைதியானார்.

அவர் கணவர் பட்டர்வொர்த்தில் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து பேச்சும் போயிற்று, வலது கையும் போயிற்று. மற்றவர் பேசுவது எல்லாம் புரியும். சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும். ஆனால் வாயிலும் வராது, எழுத்தாகவும் வராது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியங்களை டேப்லெட்டில் பட்டன்களாகப் போட்டுக் கொடுத்திருந்தாராம். இடது கை விரலால் தொட்டால் அந்த வாக்கியம் எழுதப்பட்டுவிடும்.

“என்னாம்மா போடலாம்னு அந்தப் பொண்ணு கேட்டிச்சு,” என்றார் சரோஜா. “அவரு வாயில எப்பவும் இருந்தது பஸ்ல ஏறுற புள்ளைங்ககிட்ட சொல்றதுதான்க்கா. ஏறும்போது காலை வணக்கம், சாப்பிட்டாச்சான்னு கேப்பாரு. புள்ளைங்க மார்க்கு சொன்னா நல்லது, சந்தோஷம். எறங்கும்போது மழை வரும் போல இருக்கு, பாத்துப் போங்க. அந்த அஞ்சத்தான் போட்டேன். வீட்டுல நான் ஒருத்திதானே, எங்கிட்ட எவ்ளோதான் பேசுவாரு? இந்தத் தளத்துல வந்தப்புறந்தான் நாள் முழுக்க நாலு பேரோட இருக்காரு.”

பரிமளாவின் பதிவைப் பற்றிக் கேட்டேன். சரோஜா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“அந்தச் செய்திய வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அஞ்சு பட்டனையும் ஒவ்வொண்ணாப் பாத்தாரு. துக்கத்துக்கு பட்டன் இல்லக்கா. நான் போட்டுக் குடுக்கல. எனக்குத் தோணல. கடைசியா சாப்பிட்டாச்சான்றத தொட்டாரு.”

அந்தப் பட்டன் வாக்கியத்துக்காக ஊரே ஏசி, தன்னை வெளியே தள்ளப் பார்த்ததை அவரும் படித்திருக்கிறார். அதைப் படித்த பிறகு டேப்லெட்டைத் தொடவில்லையாம். என் கேள்விகள் வந்தபோதுதான் மறுபடி எடுத்தாராம்.

6. அதற்குப் பிறகு

உறுப்பினர்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வேலுவிடம் கேட்டேன். டொக் டொக். பரிதாபம் அவருக்கு வேண்டாம். பாஸ் அதை மதித்தார். பரிமளா மட்டும், யாரும் கேட்காமலே, தன் பதிவின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தார்: ‘அவர் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன், என் பதிலுக்கு அவர் சந்தோஷப்பட்டார். உங்களுக்கு என்ன?’ அதோடு ரிப்போர்ட்டுகள் நின்றன. ஸ்கிரீன்ஷாட் சுற்றவிட்டவர்களில் சிலர் சத்தமில்லாமல் போய் வேலுவுக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். மறுநாளே பதில் வணக்கம் வந்தது.

சரோஜா ஆறாவது பட்டன் ஒன்று போடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் பெரிய மனுசி மாதிரி, “ஆழ்ந்த இரங்கல்னு ஒண்ணு போட்டுருங்க, இனிமே பிரச்சனை வராது” என்றேன். போனுக்குப் பின்னால் டொக் டொக் என்று கேட்டது. சரோஜா சிரித்தார், நானும் சிரித்தேன். முகம் பார்க்காமலே முறைக்கத் தெரிந்த மனிதர். நான் தேடிக்கொண்டிருந்த அந்த மனித அடையாளமும் அன்றைக்குக் கிடைத்துவிட்டது.

விதியை பாஸ் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது, டீச்சரம்மாவை ஏமாற்றியவை இன்னும் வேறு பெயர்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன, நானே கூடை கூடையாக அள்ளிக் கொட்டியிருக்கிறேன். ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பிறகு போன் செய்வது என்று ஒரு படியைச் சேர்த்தார். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். ஒரு கணக்கு என்ன சொன்னது என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யாருக்கு, எதற்குப் பதிலாகச் சொன்னது என்று மடிப்பை விரித்துப் பாருங்கள்.

போன வருஷம் நான் வேலையிலிருந்து நின்றேன். பாஸ் ஒரு விடைபெறும் பதிவு போட்டார். ‘வாழ்த்துகள்’, ‘வாழ்த்துகள் அக்கா’ என்று கைதட்டும் படங்களோடு நிறைய வந்தன. மாலை ஃபெர்ரியில், பாகான் டாலாமில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும் வழியில், ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். எல்லாருக்கும் கீழே செம்பருத்திப் பூ.

‘சாப்பிட்டாச்சா?’

‘இன்னும் இல்லைங்க, வீட்டுக்குப் போய்த்தான்’ என்று எழுதினேன். ‘எழுதுகிறார்’ என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. ஃபெர்ரி கரையை நெருங்கி, ஆட்கள் இறங்க எழுந்துவிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இந்த முறை எனக்கு அவசரமில்லை.

முதலில் ‘ரா’ என்று வந்தது. அப்புறம் ‘ணி’. அதற்குமேல் முடியவில்லை போலிருக்கிறது, பட்டனைத் தொட்டிருந்தார்.

‘பாத்துப் போங்க.’

எல்லாரும் இறங்கிய பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் சொன்னபடியே பார்த்து இறங்கினேன்.